கார் ஆம்ப்ளிஃபையர் தேர்வும் ஒயரிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள கணக்கெல்லாம் ஒரு சாதாரண ஹேட்ச்பேக் காருக்குப் போட்டது. முன் கதவுகளில் ஒரு ஜோடி காம்போனென்ட் ஸ்பீக்கர் (பெரிய ஸ்பீக்கரும், உச்ச ஒலிக்கான ட்வீட்டரும் தனித்தனியாக வருவது), டிக்கியில் பேஸுக்கென்று ஒரு 10 அங்குல சப்வூஃபர், இரண்டையும் ஓட்ட ஒரே ஒரு 4 சேனல் ஆம்ப். முதல் இரண்டு சேனல் முன் ஸ்பீக்கருக்கு, ஒவ்வொன்றும் 75 வாட். மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனலாகச் சேர்த்து, சப்வூஃபருக்கு 200 வாட். உங்கள் அமைப்பு பெரியது என்றால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

ஸ்டீரியோவிலேயே "50 வாட் × 4" என்று போட்டிருக்கிறதே, தனியாக ஆம்ப் எதற்கு?

எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஐசி அதற்கு மேல் ஸ்பீக்கருக்குத் தர வழியில்லை. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் மின் தடையான 4 ஓமால் வகுத்தால் 51.8 வாட் வரும். பெட்டியில் அச்சடித்த 50 வாட் அதுதான். ஆனால் அது தலையும் காலும் வெட்டுப்பட்ட சதுர அலைக்கான கணக்கு, அந்த நிலையில் பாட்டு கேட்க முடியாது. சுத்தமான அலைக்கு அதில் பாதிதான் வரும். ஐசிக்குள் ஏற்படும் இழப்பும் போக, கையில் நிற்பது 18 முதல் 22 வாட். தனி ஆம்புக்குள் 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் பவர் சப்ளை இருக்கிறது, அதனால்தான் அது இந்த எல்லையைத் தாண்டுகிறது.

மிதமான சத்தத்தில் பாட்டு கேட்பவர், சப்வூஃபர் வேண்டாம் என்பவர் ஆம்ப் வாங்கத் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல முன் ஸ்பீக்கருக்கும் அதிர்வைக் குறைக்கக் கதவுத் தகட்டில் ஒட்டும் டேம்பிங் ஷீட்டுக்கும் செலவிட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பெட்டியில் 3000 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. நம்பலாமா?

ஆம்பைத் திருப்பி, பவர் டெர்மினல் பக்கத்தில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். பெட்டி என்ன சொன்னாலும் அந்த ஃப்யூஸ் விடும் கரண்ட்டுக்கு மேல் அது தொடர்ந்து இழுக்க முடியாது. இரண்டு 20 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால் மொத்தம் 40. அதை 14.4-ஆல் பெருக்கினால் உள்ளே போவது 576 வாட். ஏபி கிளாஸ் (ஆம்ப் சுற்றில் ஒரு வகை, இன்னொன்று டி கிளாஸ்) ஆம்ப் அதில் சுமார் 60 சதவீதத்தைத்தான் சத்தமாக்கும், மீதி சூடாகிப் போகும். ஆக 345 வாட் தரக்கூடிய பொருள் அது. 3000 என்பது வெறும் ஸ்டிக்கர்.

'மேக்ஸ்', 'பீக்' என்று எழுதிய எண்களைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், அதுவும் எத்தனை ஓமுக்கு என்று சேர்த்து. சிஇஏ 2006 என்ற குறி இருந்தால் 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேற்படாத சிதைவோடு அளந்தது என்று பொருள். இதே தரமுறையைப் புதிய பெட்டிகளில் சிடிஏ 2006 என்று போடுகிறார்கள்.

ஏபி கிளாஸ் நல்லதா, டி கிளாஸ் நல்லதா?

டி கிளாஸ். அது 75 முதல் 90 சதவீதம் வரை திறன் கொண்டது, சூடு குறைவு, அளவும் சின்னது, சீட்டுக்கு அடியில் அடங்கிவிடும். வெயிலில் நின்ற காரில் ஏறி உடனே பாட்டைப் போடுகிற நம் ஊரில் ஏபி ஆம்புக்கு அனல் தாங்காமல் கட்டாகும் வாய்ப்பு அதிகம். ஏபியில் ட்வீட்டர் ஒலி இனிமையாக இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. ஓடும் காரின் இரைச்சலில் அந்த வித்தியாசம் காதுக்கு எட்டுமா என்பது வேறு பேச்சு.

ஸ்பீக்கரின் வாட்டை விட ஆம்பின் வாட் கூடுதலாக இருந்தால் ஸ்பீக்கர் எரிந்துவிடாதா?

ஆர்எம்எஸ் கணக்கில் சரிசமமாகவோ கொஞ்சம் கூடவோ இருப்பதில் தவறில்லை. பெரும்பாலும் ஸ்பீக்கர் எரிவது சின்ன ஆம்பை அதன் சக்திக்கு மேல் திருகி, அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகும்போதுதான். அந்த நிலையில் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்குப் போகும் சராசரி வாட் எகிறும், முதலில் ட்வீட்டர் போகும்.

இரட்டைக் காயில் சப்வூஃபர் வாங்கலாமா? ஓம் கணக்கு குழப்புகிறது.

கணக்கு சுலபம். இரண்டு காயிலும் 4 ஓம் என்றால் பேரலலில் 2, சீரிஸில் 8. இரண்டும் 2 ஓம் என்றால் பேரலலில் 1, சீரிஸில் 4. பேரலல் என்பது பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக. சீரிஸ் என்பது முதல் காயிலின் மைனஸை இரண்டாம் காயிலின் பிளஸ்ஸோடு சேர்த்து, மீதி இரு முனைகளை ஆம்புக்குக் கொண்டுபோவது.

இடறுவது பிரிட்ஜில்தான். பிரிட்ஜ் செய்த ஆம்பில் ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் ஓமில் பாதியைத்தான் பார்க்கும். 4 ஓம் சப் போட்டால் சேனலுக்கு 2 ஓம் வரும், பெரும்பாலான 4 சேனல் ஆம்புக்கு அதுதான் கடைசி எல்லை. அங்கே 2 ஓம் சப்பைப் போட்டால் சேனலுக்கு 1 ஓம் ஆகி, ஆம்ப் தன்னைக் காக்க நின்றுவிட்டதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கு எரியும், இல்லாவிட்டால் ஆம்பே எரியும். எனவே நம் அமைப்புக்கு ஒற்றைக் காயில் 4 ஓம் சப், அல்லது சீரிஸில் கட்டிய 2+2 ஓம் சப். மல்டிமீட்டரில் 4 ஓம் காயில் 3.2 முதல் 3.6 வரை காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பவர் ஒயர் எவ்வளவு தடிமன் வேண்டும்?

முதலில் கரண்ட்டைப் பாருங்கள். மொத்தம் 75+75+200 = 350 வாட். டி கிளாஸ் 80 சதவீதம் என்று வைத்தால் உள்ளே போக வேண்டியது சுமார் 437 வாட். லோடு ஏறும்போது 14.4 வோல்ட் கொஞ்சம் இறங்கும், எனவே 13.8-ஆல் வகுத்தால் 32 ஆம்பியர்.

பேட்டரியிலிருந்து டிக்கிக்குச் சின்னக் காரிலும் 5 மீட்டர் ஒயர் பிடிக்கும். 32 ஆம்பியர் ஓடும்போது அந்த 5 மீட்டரில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதுதான் கேள்வி. 6 ஸ்கொயர் எம்எம் காப்பரில் அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 10-ல் 0.3 வோல்ட், 16-ல் 0.2-க்குள், 25-ல் 0.13. நம் அமைப்புக்கு 16 போதும். நாளை தனி சப் ஆம்ப் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 25 இழுத்துவிடுங்கள். கார்பெட்டை இரண்டு முறை பிரிப்பது கூலிக்கும் கேடு, கிளிப்புகளுக்கும் கேடு.

அக்சஸரி கடையில் கேஜ் என்பார்கள், எலெக்ட்ரிக்கல் கடையில் ஸ்கொயர் எம்எம் என்பார்கள். 8 கேஜ் என்றால் 8.4, 4 கேஜ் என்றால் 21, 0 கேஜ் என்றால் 53.5 ஸ்கொயர் எம்எம்.

கடையில் விற்கும் "4 கேஜ் கிட்" வாங்கினால் போதாதா?

பல மலிவு கிட்டுகளில் ரப்பர் தடிமன், உள்ளே கம்பி மெலிசு. அந்தக் கம்பியும் சிசிஏ, அதாவது அலுமினியத்தின் மேல் மெல்லிய காப்பர் பூச்சு. கடையிலேயே சோதிக்கலாம். ஒரு இழையை உருவி பிளேடால் சுரண்டுங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம் என்றால் சிசிஏ. வெளியே வெள்ளி, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல காப்பர், தயங்காமல் வாங்கலாம். சிசிஏதான் கிடைக்கிறது என்றால் ஒரு அளவு, முடிந்தால் இரண்டு அளவு கூட்டிப் போடுங்கள், ஏனென்றால் அதே தடிமனில் அதன் மின் தடை காப்பரைப் போல சுமார் ஒன்றரை மடங்கு.

இன்னொரு வழி, 16 அல்லது 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் வெல்டிங் கேபிளை மீட்டர் கணக்கில் வாங்குவது. மெல்லிய இழைகள் என்பதால் வளையும், மேலுறையும் முரடு. வெல்டிங் கேபிளில் அலுமினியமும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஸ்பீக்கருக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், சப்புக்கு 2.5 முதல் 4 வரை.

மெயின் ஃப்யூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர்?

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள். எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. இந்த ஃப்யூஸ் ஆம்பைக் காக்க அல்ல, அந்த வேலைக்கு ஆம்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறது. இது 5 மீட்டர் ஒயரைக் காக்க. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) விளிம்பில் உரசியோ விபத்தில் நசுங்கியோ ஒயர் பாடியைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்ட பேட்டரி தயாராக இருக்கும். ஃப்யூஸ் டிக்கியில் இருந்தால் அதற்கு முன்னால் உள்ள ஒயர் முழுக்கப் பாதுகாப்பில்லாமல் கிடக்கிறது என்று பொருள்.

ஆம்பின் சொந்த ஃப்யூஸ் 40 என்றால் 16 ஸ்கொயர் எம்எம் காப்பருக்கு 50 அல்லது 60 ஆம்பியர் ஏஎன்எல் (போல்ட்டில் இறுக்கும் பெரிய வகை) ஃப்யூஸ் சரி. அடிக்கடி போகிறது என்று 100-ஐ மாட்டுவதும் கம்பியைச் சுற்றி வைப்பதும் காருக்கு நீங்களே தீ வைப்பது போல.

ஒயர் இழுக்கும் வரிசை என்ன?

10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், இது முதலில். ஸ்டீரியோவுக்கு லாக் கோடு உண்டென்றால் அது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றவும். ஃபயர்வாலில் கம்பெனி ஒயரிங் போகும் ரப்பர் கிரோமெட் (துளையில் பொருத்தும் வளையம்) இருக்கும், அதன் காலியான மூக்கைக் கீறி அதன் வழியே கேபிளை நுழைக்கலாம். புதிதாகத் துளை போட்டாலோ, தகட்டு விளிம்பு ஒயரை அறுக்காதபடி கிரோமெட் கட்டாயம். பேனட்டுக்குள் இருக்கும் பகுதி முழுக்க நெளி பைப்புக்குள் போக வேண்டும், சைலென்சர் பக்கம் போகக் கூடாது.

உள்ளே கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைக் கிளிப்போடு தூக்கி, அதன் அடியில் பவர் கேபிளைப் படுக்க வையுங்கள். பேட்டரி இருக்கும் பக்கம் பவர், எதிர்ப் பக்கம் ஆர்சிஏ, அதாவது ஸ்டீரியோவின் சிக்னலை ஆம்புக்குக் கொண்டுபோகும் ஒயர். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் கப்ளர் மஞ்சள் நிறத்தில் இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். பின் சீட்டுக்கு அடியில் தரையில் ஸ்க்ரூ போடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள், பெரும்பாலான ஹேட்ச்பேக்கில் பெட்ரோல் டேங்க் அங்கேதான் இருக்கிறது.

முனைகளில் லக் (உலோக வளைய முனை) வைத்து கிரிம்ப் செய்து, அதாவது அழுத்தி இறுக்கி, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். வெறும் இழையை முறுக்கித் திருகினால் ஒன்றிரண்டு இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொடும். எல்லாம் முடிந்து, ஒருமுறை சரிபார்த்த பிறகே மைனஸை மாட்ட வேண்டும்.

எர்த் எங்கே அடிப்பது?

ஆம்பின் மைனஸ் கேபிளைக் கார் பாடியில் இணைப்பதுதான் எர்த். கார் ஆடியோவில் வரும் புகார்களைத் தோண்டினால் பாதிக்குப் பாதி எர்த்தில்தான் முடியும், அதனால் இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், பாடியோடு வெல்டான தடித்த தகட்டில் ஒரு இடம் பிடியுங்கள். பெயின்டையும் அதன் அடியில் இருக்கும் பிரைமரையும் உப்புத்தாளால் தேய்த்து, லக்கின் அகலத்துக்கு இரும்பு பளபளக்க வேண்டும். மேலே லக், ஸ்டார் வாஷர், 8 எம்எம் போல்ட், நட். இறுக்கியபின் சுற்றிலும் பெயின்ட் அல்லது கிரீஸ் தடவினால் துரு பிடிக்காது. எர்த் கேபிள் பவர் கேபிளின் அதே தடிமனில் இருக்க வேண்டும்.

சீட் பெல்ட் போல்ட்டில் அடிக்காதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட், நடுவே லக் புகுந்தால் இறுக்கம் மாறும்.

எர்த் சரியா என்று மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்ப்பது வீண், மீட்டரின் ஒயருக்கே 0.2 முதல் 0.5 ஓம் இருக்கும். டிசி வோல்ட்டில் வைத்து, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் மற்றதைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் அருமை. 0.3 தாண்டினால் திரும்பத் தேயுங்கள்.

பேட்டரி மைனஸுக்கே நேராக ஒயர் இழுக்கலாமா என்று கேட்பவர்கள் மைனஸ் டெர்மினலில் சின்னப் பெட்டி மாதிரி சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள கார்களில் பேட்டரிக்குள் போய் வரும் கரண்ட்டை அது எண்ணுகிறது. அதைத் தாண்டி மைனஸில் நேரடியாகக் கட்டினால் ஆம்ப் குடிக்கும் கரண்ட் அதன் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். அங்கே பாடி எர்த்துதான் சரி.

கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்சிஏ அவுட் இல்லை. என்ன செய்வது?

ஆம்பில் ஹை லெவல் இன்புட் இருந்தால் ஸ்பீக்கர் ஒயரையே அதில் கொடுக்கலாம், இல்லையென்றால் நடுவே லைன் அவுட் கன்வெர்ட்டர் (ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ சிக்னலாக மாற்றும் சின்னப் பெட்டி). கம்பெனி ஒயரை வெட்டாமல் உங்கள் மாடலுக்கான கப்ளர் வாங்கிச் செருகுங்கள். ஒயரை வெட்டியிருப்பதைக் கண்டால் எலெக்ட்ரிக்கல் வாரன்டியில் சர்வீஸ் சென்டர் கை விரித்துவிடும்.

ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயர், வெளிச்சந்தை ஸ்டீரியோவில் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. கம்பெனி ஸ்டீரியோவில் அது இருக்காது. ஸ்டீரியோ ஆனில் இருக்கும்போது அதன் ஸ்பீக்கர் ஒயர்களில் சுமார் 6 வோல்ட் டிசி நிற்கும், அதை உணர்ந்து தானாக ஆன் ஆகும் ஆம்புகள் உண்டு. அந்த வசதி இல்லாவிட்டால் ஃப்யூஸ் பாக்ஸில், சாவி போட்டால் மட்டும் வரும் லைனிலிருந்து 1 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து எடுக்கலாம். சாவி போடும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரலாம்.

கெயின் திருகியை எவ்வளவு வைப்பது?

அதை வால்யூம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலோடு ஆம்பைப் பொருத்தும் திருகி அது. முழுக்கத் திருகினால் வாட் அதிகமாகாது, ஆம்ப் சீக்கிரம் வெட்டுப்பட ஆரம்பிக்கும், அவ்வளவே.

மல்டிமீட்டர் இருந்தால் சரியாக வைக்கலாம். வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். முன் ஸ்பீக்கர்: 75 × 4 = 300, வர்க்கமூலம் 17.3 வோல்ட். சப்: 200 × 4 = 800, வர்க்கமூலம் 28.3 வோல்ட். இப்போது ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம், லவுட்னெஸ் ஆஃப், வால்யூம் முக்கால் அளவு, அதாவது உச்சம் 40 என்றால் 30. ஆம்பில் ஃபில்டர்களை ஆஃப் செய்து, கெயினைக் கீழே இறக்குங்கள். எஞ்சின் ஓடட்டும். முன் சேனலுக்கு 400 ஹெர்ட்ஸ் டோன், சப்புக்கு 50 ஹெர்ட்ஸ் டோன். பலர் 1000 ஹெர்ட்ஸ் போடச் சொல்வார்கள், ஆனால் மலிவு மீட்டர்கள் அவ்வளவு உயரத்தில் ஏசி வோல்ட்டைத் தவறாகக் காட்டும். மீட்டரை ஏசியில் வைத்து, கெயினை மெல்லத் திருப்பி, கணக்கிட்ட வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். பிரிட்ஜ் செய்த சேனலை அதன் பிரிட்ஜ் பிளஸ், மைனஸில்தான் அளக்க வேண்டும்.

அதன் பிறகு ஸ்டீரியோவில் 30-க்கு மேல் போகாதீர்கள். பேஸ் பூஸ்ட்டைத் தொடவே வேண்டாம்: 12 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த இடத்தில் 16 மடங்கு வாட் கேட்கிறோம், எந்த ஆம்பிடமும் அது இல்லை.

ஃபில்டர்கள்?

முன் ஸ்பீக்கருக்கு ஹைபாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோபாஸ் (கீழுள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ். போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த சப் பெட்டி என்றால், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் 25–30 ஹெர்ட்ஸ். பிறகு சப்பின் பிளஸ் மைனஸை மாற்றிப் பாருங்கள், ஓட்டுநர் சீட்டில் பேஸ் எதில் கனமாக இருக்கிறதோ அதுவே சரி.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்' என்ற சத்தம் ஏறுகிறதே?

ஆல்டர்னேட்டர் சத்தம். முதலில் ஃபோன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், ஆக்ஸ் ஒயரில் பாட்டு, அதே ஃபோன் கார் சார்ஜரில் என்றால் பல நேரம் கதை அங்கேயே முடிந்துவிடும்.

போகவில்லை என்றால் எல்லாவற்றையும் ஆஃப் செய்து, ஆம்பின் ஆர்சிஏயைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். சத்தம் இன்னும் இருந்தால் கோளாறு ஆம்பின் எர்த்தில் அல்லது ஸ்பீக்கர் ஒயரில். நின்றுவிட்டால் ஆம்ப் குற்றவாளி இல்லை. இப்போது சார்ஜரில் போடாத ஒரு ஃபோனை நேராக ஆம்பின் ஆர்சிஏயில் கொடுங்கள். சுத்தமாக ஒலித்தால் ஆர்சிஏ ஒயர் போகும் பாதை அல்லது ஸ்டீரியோவின் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்டீரியோ ஆனில் இருக்கும்போது ஆர்சிஏயைப் பிடுங்கிச் செருகுவதால் வரும் ஒரு கோளாறும் உண்டு. சில ஸ்டீரியோக்களில் ஆர்சிஏ வெளிவளையத்துக்கு உள்ளே ஒரு குட்டி ஃப்யூஸ் இருக்கும், அது போய்விடும். அந்த வளையத்துக்கும் ஸ்டீரியோவின் தகரப் பெட்டிக்கும் இடையே கன்டினியூட்டி வராவிட்டால் அதுதான். எர்த் வழியாக வரும் சத்தத்தைத் தடுக்க ஆர்சிஏ நடுவே மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைசிப் போக்கிடம். மலிவானது பேஸையும் சேர்த்துத் தின்றுவிடும்.

சிவப்பு புரொடெக்ட் விளக்கு எரிகிறது.

ஸ்பீக்கர் ஒயர்களை எல்லாம் கழற்றி ஆன் செய்யுங்கள். விளக்கு அணைந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், எதை மாட்டும்போது எரிகிறதோ அதில் ஷார்ட். கதவுக் கீல் பக்கம் நசுங்கிய ஒயரும், சப் டெர்மினலில் பிரிந்த ஒரு இழையும் வழக்கமான காரணங்கள். ஸ்பீக்கரின் மைனஸ்கூடப் பாடியைத் தொடக் கூடாது. ஸ்பீக்கரைக் கழற்றிய பின்னும் எரிந்தால் பவர் டெர்மினலில் வோல்ட்டைப் பாருங்கள். அங்கே 12-க்கு மேல் நின்றும் விளக்கு எரிந்தால் ரிப்பேர் கடைதான்.

பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. கெபாசிட்டர் போடலாமா?

1 ஃபாரட் கெபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 13-க்கு இறங்கும்போது தருவது 13.5 ஜூல். 500 வாட் குடிக்கும் ஆம்புக்கு அது நொடியின் முப்பதில் ஒரு பங்குக்குக்கூட வராது. அந்தப் பணத்தில் பேட்டரி-பாடி எர்த் ஒயரையும் ஆல்டர்னேட்டர்-பேட்டரி ஒயரையும் 25 ஸ்கொயர் எம்எம்முக்கு மாற்றுங்கள். பிறகும் மங்கினால் பேட்டரியைச் சோதிக்கவும்.

ஆம்பை எங்கே பொருத்துவது?

முன் சீட்டுக்கு அடியில், அல்லது பின் சீட்டின் முதுகுத் தகட்டில். சப் பெட்டியின் மேல் வேண்டாம், அதிர்வில் சோல்டர் விடும். சீட்டுக்கு அடியில் வைத்தால் ஒரு அங்குலம் உயர்த்தி வையுங்கள். ஏசி டிரெயின் குழாய் அடைத்தால் தண்ணீர் முன் கார்பெட்டுக்கு அடியில்தான் தேங்கும்.

ஆம்ப் மாட்டியதிலிருந்து காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை.

சாவியை எடுத்து, கதவை லாக் செய்து, பத்து நிமிடம் கழித்து ஆம்பின் ரிமோட் டெர்மினலில் அளந்து பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். 12 காட்டினால் ரிமோட்டை நிரந்தர லைனில் கட்டியிருக்கிறார்கள், இரவெல்லாம் ஆம்ப் விழித்திருக்கிறது. பூஜ்யம்தான் என்றால் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் பேட்டரி மைனஸுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே தொடராக வையுங்கள். அப்போது சாவியைத் திருப்பவோ கதவைத் திறக்கவோ கூடாது. சில நிமிடங்களில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் ஒயரிங்கில் தவறில்லை. இறங்காவிட்டால் மெயின் ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். அப்போது இறங்கினால் கசிவு ஆம்பில், இல்லாவிட்டால் காரின் வேறு ஏதோ லைனில்.